முதலும் கடைசியும் இல்லாத ஊர்வலம்

ஸ்டாப் அக்காவுக்கு ஐம்பத்து நாலு வயது. அதில் பத்தொன்பது வருஷத்தை நின்றே கழித்திருக்கிறாள். பள்ளிக்கூட வாசலில், சாலைக்கு நடுவில், மஞ்சள் சட்டை மாட்டிக்கொண்டு, கையில் ஒரு கம்பு. கம்பு நுனியில் வட்டப் பலகை. பலகையின் ஒரு பக்கம் சிவப்பில் 'நில்', மறுபக்கம் பச்சையில் 'செல்'. பச்சைப் பக்கத்தை அவள் இதுவரை யாருக்கும் காட்டியதே கிடையாது. "போறதுக்கு யாராவது சொல்லித் தரணுமா? விட்டா போயிட்டேதான் இருப்பாங்க" என்பது அவள் கட்சி. அதனால் பச்சை இன்றைக்கும் புதுக்கருக்கு கலையாமல் இருக்கிறது. சிவப்புதான் வெயில் தின்று வெளுத்துப் போயிருக்கிறது.

லாரி நிற்கும், பஸ் நிற்கும், அவசரக்காரர்கள் எல்லோரும் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பார்கள். ஒரு தடவை தீயணைப்பு வண்டியையே நிறுத்திவிட்டாள். டிரைவர் தலையை வெளியே நீட்டிக் காட்டுக் கத்தல் கத்தினார். "புள்ளைங்க தாண்டட்டும் அண்ணே, தீ எங்கயும் ஓடிப் போயிடாது" என்றாள். நல்லவேளை, அது தீயை அணைத்துவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்த வண்டி.

அவள் பேச்சைக் கேட்டு நிற்காத ஒரே ஜீவன், கூடப் பிறந்த தங்கச்சி. தங்கச்சிக்கு ஐம்பது வயது, வீடு இரண்டு தெரு தள்ளி, வேலை ஒரு கிளினிக்கில் டோக்கன் கூப்பிடுவது. மேஜை மேல் இருக்கிற மணியில் ஒரு தட்டுத் தட்டி, "அடுத்தது!" என்று ஒரு குரல் கொடுப்பாள். அந்தக் குரலைக் கேட்டதும் பாதிப் பேருக்கு அங்கேயே உடம்பு தேவலை ஆகிவிடும் என்று ஊரில் பேச்சு. ஒருத்தி நாள் முழுக்க 'நில்' என்கிறவள். இன்னொருத்தி நாள் முழுக்க 'நகரு' என்கிறவள். இரண்டையும் பெற்றவள் எப்படித்தான் ஒரே வீட்டில் வைத்து வளர்த்தாளோ!

பெற்றவள் இருந்தவரைக்கும் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அவள் கண்ணை மூடியதும் வந்து நின்றது ஒரு பீரோ. இரட்டைக் கதவு, இரும்பு, ஒரு பக்கக் கதவில் ரசம் போன கண்ணாடி. அது யாருக்கு என்று பேச்சு ஆரம்பித்தது. அக்காவின் வீட்டுக்காரர் லிப்ட் மெக்கானிக், வாய் பேசாத மனுஷன். அவர் அன்றைக்கென்று பார்த்து வாயைத் திறந்து, "ஆளுக்குப் பாதியா வெச்சுக்கங்களேன்" என்று சொல்லித் தொலைத்தார். அதை அந்த இரண்டு பேரும் அப்படியே செய்துவிட்டார்கள். பீரோ தங்கச்சி வீட்டு மாடிக்குப் போனது. பூட்டியிருந்த அந்தப் பீரோவின் சாவி அக்காவின் கையில் தங்கிவிட்டது.

"சாவியக் கொண்டு வந்து குடுக்கட்டும்" என்றாள் தங்கச்சி.

"பீரோவக் கொண்டு வந்து எறக்கட்டும்" என்றாள் அக்கா.

அதோடு ஆறு வருஷம். உள்ளே பட்டுப் புடவையா, பத்திரமா, வெறும் தூசியா, யாருக்கும் தெரியாது. பேச்சு வார்த்தை கிடையாது. நல்லது கெட்டதுக்குப் போனால் ஒருத்தி முன்வாசல் வழியாக வந்தால் இன்னொருத்தி பின்வாசல் வழியாகக் கிளம்பிவிடுவாள்.

ஆனால் தினமும் காலையில் எட்டு நாற்பதுக்குத் தங்கச்சி வேலைக்குப் போகிற பஸ் பள்ளிக்கூட வாசலைத் தாண்டியாக வேண்டும். அக்கா பலகையைத் தூக்குவாள். பஸ் நிற்கும். மூன்றாவது ஜன்னலில் தங்கச்சி எதிர்ப்பக்கத்துச் சுவரை வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அந்தச் சுவரில் பார்க்க ஒன்றுமே கிடையாது. பிள்ளைகள் எல்லாம் தாண்டிப் போன பிறகும் அக்கா அந்த பஸ்ஸை மட்டும் கொஞ்ச நேரம் கூடுதலாகப் பிடித்து வைப்பாள். மஞ்சள் சட்டைக்கு மேல், கண்ணில் குத்துகிற மாதிரி, ஒரு சாவி கயிற்றில் தொங்கும். பார்த்துக்கோ, எங்கிட்டத்தான் இருக்கு என்கிற தோரணை.

இதில் ஒரே ஒரு சங்கடம். கழுத்தில் தொங்குவது பீரோ சாவியே இல்லை.

அந்தச் சாவி மூன்று வருஷத்துக்கு முன்னாலேயே போய்விட்டது. ஒரு மழைநாளில் குட்டிப் பையன் ஒருவனின் செருப்பை எடுக்கக் குனிந்தாள், கயிறு அறுந்தது, சாவி சாலையோரச் சாக்கடைக் கம்பிகளுக்கு நடுவே 'ப்ளக்' என்று விழுந்து மறைந்தது. அக்கா ஒரு கையில் பலகையைத் தூக்கிப் பிடித்தபடி, மண்டி போட்டு, இருபது நிமிஷம் சாக்கடைக்குள் எட்டிப் பார்த்தாள். இரண்டு பக்கமும் வண்டிகள் கடைவீதி வரைக்கும் நின்றன. ஏதோ பெரிய ஆபத்து என்று நினைத்து ஒருத்தரும் ஹாரன் கூட அடிக்கவில்லை. வீட்டுக்கு வந்து, வீட்டுக்காரரின் திருடு போன சைக்கிளுடைய சாவி அலமாரியில் சும்மா கிடந்ததை எடுத்துக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். வீட்டுக்காரருக்குக்கூடச் சொல்லவில்லை.

அன்றிலிருந்து அவள் பாடு திண்டாட்டம். தங்கச்சி வேண்டும். அது அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் சமாதானம் என்று வாசலில் போய் நின்றால் முதல் கேள்வி "சாவி எங்க?" என்பதாகத்தான் இருக்கும். அம்மா பீரோவின் சாவியைச் சாக்கடையில் போட்டுவிட்டேன் என்று எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு சொல்வது? வீறாப்பாக இருந்தாலாவது வாரத்தில் ஆறு நாள் ஜன்னல் வழியாகப் பார்க்கலாம். உண்மையைச் சொன்னால் அதுவும் போய்விடும். இப்படிக் கணக்குப் போட்டுக்கொண்டு நாளை ஓட்டிக்கொண்டிருந்தபோதுதான் ஊர்வலம் வந்தது.

நகராட்சியில் பண்பாட்டு அலுவலர் என்று ஒரு பதவியைப் புதிதாக ஏற்படுத்தினார்கள். அதுக்கு யாரைப் போட்டார்கள் தெரியுமா? கழிவுநீர்ப் பிரிவில் பதினாறு வருஷம் இருந்தவரை. கெட்ட மனுஷன் இல்லை. ஆனால் எதைப் பார்த்தாலும் அவருக்குக் குழாயாகத்தான் தெரியும். "எங்கயும் தேங்கக் கூடாது, எதுவும் விட்டுப் போகக் கூடாது. அவ்வளவுதான் பண்பாடு" என்று முதல் கூட்டத்திலேயே சொல்லிவிட்டார். ஊரில் இருக்கிற எல்லாச் சனங்களும், ஒரு ஆள் விடாமல், ஒரே நாளில், ஒரே தெருவில் நடந்து வர வேண்டும். அவரவர் தொழில் சாமானைக் கையில் எடுத்து வர வேண்டும். இதுதான் திட்டம்.

வீட்டுக்கு வீடு படிவம் வந்தது. 'உங்கள் பண்பாடு: ஒன்றை மட்டும் குறிக்கவும்.'

அக்காவுக்கும் தங்கச்சிக்கும் அப்பா மலைப்பக்கத்து ஆள். அம்மா கரைப்பக்கத்து ஆள். இந்த இரண்டு சனத்துக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் அந்த வீட்டில் யாரும் சட்டென்று சொல்ல மாட்டார்கள். யோசித்து யோசித்து ஒன்று சொல்வார்கள்: அப்பா நனைந்த குடையை வீட்டுக்குள் காயப்போடுவார், அம்மா வெளியே காயப்போடுவாள். அதுக்காக முப்பது வருஷம் சண்டை நடந்தது. கடைசியில் குடை வாசப்படியிலேயே, பாதி உள்ளே பாதி வெளியே என்று விரிந்து கிடக்கும், போகிறவர் வருகிறவர் எல்லோரும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். படிவத்தில் வாசப்படிக்கு இடம் இல்லை. அக்கா அம்மாவை நினைத்துக் கரை என்று குறித்தாள். படிவம் வாங்க வந்த ஆள் இதைத் தங்கச்சி வீட்டில் உளறிவிட்டான். "அவ கரையா? அப்ப நான் மலை" என்று தங்கச்சி பேனாவை வாங்கிக் கோடு போட்டாள்.

ஆக, ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேரும் அரசாங்க ஏட்டில் இரண்டு சனம் ஆனார்கள்.

ஊர்வலக் குழு பதினோரு தடவை கூடியது. பதினோரு தடவையும் ஒரே சண்டை: யார் முதலில் போவது? முதலில் போகிறவர்களுக்குப் பெருமை, கடைசியில் போகிறவர்களுக்குச் சிறுமை, நடுவில் போகிறவர்களை யாரும் கவனிக்க மாட்டார்கள். அலுவலர் மூன்று நாள் தூங்காமல் யோசித்து ஒரு படம் வரைந்து கொண்டு வந்தார். விளையாட்டு மைதானத்தைச் சுற்றி நாலு தெரு இருக்கிறது அல்லவா? அந்த நாலு தெருவையும் நிரப்பி, ஊர்வலத்தின் தலையும் வாலும் தொட்டுக்கொள்கிற மாதிரி வட்டமாக விட்டுவிட்டால் முதலும் இல்லை, கடைசியும் இல்லை. எல்லோரும் கை தட்டினார்கள். அலுவலர் கண் கலங்கினார்.

பிறகு யாரையும் விடக் கூடாது என்கிற கதை தொடங்கியது. எந்தச் சனத்திலும் சேராதவர்களுக்கு ஒரு குழு. அது முதல் கூட்டத்திலேயே இரண்டாக உடைந்ததால் அதற்கு இரண்டு இடம். ஊர்வலமே வேண்டாம் என்று மனுக் கொடுத்தவர்களை மட்டும் விட முடியுமா? அவர்களுக்கும் ஒரு இடம், நகராட்சி செலவில் 'ஊர்வலம் ஒழிக' என்று ஒரு பதாகை. கடைசியில் ஒரு அம்மா எழுந்து, "ஓரமா நின்னு வேடிக்கை பாக்கறவங்கள மட்டும் ஒதுக்கலாமா?" என்று கேட்டாள். நியாயம்தானே! வேடிக்கை பார்ப்பவர்களும் ஒரு குழு ஆனார்கள். மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அவர்களும் நடக்க வேண்டும். ஆக, இருபத்து நாலு குழு. பார்ப்பதற்கு ஊரில் ஒரு ஆள் மிச்சம் இல்லை.

இத்தனையும் போதாதென்று அலுவலருக்கு இன்னொரு ஆசை. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு சனத்திலிருந்து தலா ஒருத்தர் மேடை முன்னால் கட்டித் தழுவ வேண்டும். குலுக்கிப் போட்டு எடுத்தார்கள். கரைப்பக்கத்தில் ஸ்டாப் அக்கா. மலைப்பக்கத்தில் யார் என்று சொல்ல வேண்டுமா?

அக்கா பதறிப்போய் அலுவலகத்துக்கு ஓடினாள்.

"சார், அந்த மலைப்பக்கத்துப் பொம்பள என் தங்கச்சி சார்."

"அப்படிப் போடுங்க! அந்த நெனப்புதான் எல்லாருக்கும் வரணும்" என்று அலுவலர் எழுந்து நின்று கை கூப்பினார்.

"ஐயோ, நெசமான தங்கச்சி சார். கூடப் பொறந்தவ. அவகூட நான் ஆறு வருஷமா பேசறதில்ல."

அலுவலர் இரண்டு படிவத்தையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "நீங்க கரை. அவங்க மலை. ஒரே அம்மாவுக்கு எப்படிம்மா ரெண்டு சனத்துல புள்ள பொறக்கும்?"

"எங்க மூக்கப் பாருங்க சார். ரெண்டும் ஒண்ணு."

"அதத்தாம்மா நானும் சொல்றேன். வேற வேற சனம், ஆனா ஒரே மூக்கு! இத மேடையில சொல்லணும். குறிச்சுக்கறேன்" என்று குறித்தும்கொண்டார்.

அக்கா சாவியைக் கையில் பிடித்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தாள். கட்டித் தழுவும்போது சாவி இரண்டு பேருக்கும் நடுவில் வரும். தங்கச்சி ஒரு பார்வை பார்த்தால் போதும். அம்மாவின் சாவி எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? ராத்திரி முழுக்கப் புரண்டு புரண்டு படுத்தாள். "என்ன, லிப்ட் மாதிரி மேலயும் கீழயும்?" என்று வீட்டுக்காரர் கேட்டதும் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள்.

ஊர்வலத்தன்று மூன்று மணிக்கு இருபத்து நாலு குழுவும் நாலு தெருவிலும் நின்றது. முடிதிருத்துகிறவர் சக்கரம் வைத்த பலகையில் நாற்காலியை ஏற்றி, அதில் பாதி முகம் சிரைத்த வாடிக்கையாளரையும் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு வந்திருந்தார். பூட்டுக்காரர் இடுப்பில் இருநூறு சாவியோடு வந்திருந்தார், அசைந்தால் ஜல் ஜல்லென்றது. கரைப்பக்கத்தார் விரித்த குடையோடும், மலைப்பக்கத்தார் மடக்கிய குடையோடும் நிற்க வேண்டும் என்று அலுவலர் உத்தரவு. அக்கா ஒரு கையில் குடை, ஒரு கையில் நில் பலகை, கழுத்தில் பொய்ச் சாவி. அலுவலர் விசில் ஊதினார். முன்னும் பின்னும் இல்லாத ஊர்வலம் எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் புறப்பட்டது.

முதல் சுற்றில்தான் அக்காவுக்கு விஷயம் புரிந்தது. குழுக்களை நிறுத்தும்போது கரையை மைதானத்தின் இந்தப் பக்கமும், மலையை நேர் எதிர்ப்பக்கமும் நிறுத்தியிருக்கிறார்கள். எல்லோரும் ஒரே வேகத்தில் வட்டமாக நடக்கிறார்கள். அக்கா மேடைக்கு வரும்போது தங்கச்சி மைதானத்துக்கு அந்தப் பக்கம் இருப்பாள். தங்கச்சி மேடைக்கு வரும்போது அக்கா அந்தப் பக்கம். உலகம் அழிகிற வரைக்கும் நடந்தாலும் இரண்டு பேரும் சந்திக்க வழியே கிடையாது. அப்பாடா என்று அக்கா பெருமூச்சு விட்டாள். குடையைக்கூடக் கொஞ்சம் சுழற்றினாள்.

மேடையில் அலுவலர் கட்டித் தழுவலுக்காக மைக்கோடு காத்திருந்தார். கரை வந்தபோது மலையைத் தேடினார். மலை வந்தபோது கரையைத் தேடினார். மூன்று சுற்று ஆனது. நாலு சுற்று ஆனது. ஊர்வலத்தை எப்படி முடிப்பது என்று யாரும் யோசிக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. முதல் ஆள் ஒரு சுற்றுச் சுற்றி மேடைக்கு வந்ததும் முடித்துவிடலாம் என்றுதான் திட்டத்தில் எழுதியிருந்தது. முதல் ஆள் யார்? இப்போது நிறுத்தினால் மேடையைத் தாண்டப் போகிற குழு கடைசிக் குழு ஆகிவிடும். அப்படி ஆக எந்தக் குழுவும் தயாராக இல்லை. மேடை அருகே வரும்போதெல்லாம் ஒவ்வொரு குழுவும் ஓட்டமாக ஓடியது. நின்றால் பின்னால் வருகிறவர்கள் மோதிவிடுவார்கள். ஊர்வலம் ஒழிக என்கிறவர்கள்கூட ஒழிக ஒழிக என்று சொல்லிக்கொண்டே நின்றுவிடாமல் நடந்தார்கள்.

ஐந்தாம் சுற்றில் அக்காவுக்குச் சந்தோஷம் போய்விட்டது. மூன்றாவது தெருவில்தான் தங்கச்சி வீடு. ஒவ்வொரு சுற்றிலும் அதைத் தாண்ட வேண்டியிருந்தது. மாடி ஜன்னல் திறந்திருந்தது, உள்ளே பீரோவின் பக்கவாட்டுத் தகடு தெரிந்தது. அம்மா அதில் சாய்ந்து நின்றுதான் தலை வாருவாள். மைதானக் கம்பிகளுக்கு அந்தப் பக்கம் பார்த்தால் தங்கச்சி. நெருங்கவும் இல்லை, விலகவும் இல்லை, அதே தூரத்தில் நடந்துகொண்டே இருக்கிறாள். ஆறு வருஷமாக நாம் இதைத்தானே செய்துகொண்டிருக்கிறோம் என்று அக்காவுக்கு உறைத்தது.

ஏழாம் சுற்றில் தங்கச்சி நொண்டினாள்.

மைதானத்துக்கு அப்பால்தான், இருந்தாலும் அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. மடக்கிய குடையைத் தங்கச்சி ஊன்றி ஊன்றி நடந்தாள். ஒரு செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தாள். பின்னால் வருகிறவர்கள் முதுகில் இடித்தார்கள். ஆறு வயதிலும் இவள் இப்படித்தான். பள்ளிக்கூடம் போகிற வழியில், நட்ட நடுச் சாலையில், கால் வலிக்குது என்று செருப்பைக் கழற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். அக்கா சாலைக்கு நடுவே போய் நின்று, இரண்டு கையையும் விரித்து, வருகிற வண்டியை எல்லாம் நிறுத்துவாள். அப்போது அவளிடம் பலகை கிடையாது. பத்து வயதுக் கைதான். அதுவே போதுமானதாக இருந்தது.

இப்போது நிறுத்தினால் தங்கச்சி நேரே வந்து நிற்பாள். சாவி எங்கே என்று கேட்பாள். அத்தோடு எட்டு நாற்பது பஸ்ஸும் போச்சு, ஜன்னலும் போச்சு. அக்கா பத்து அடி நடக்கிற வரைக்கும்தான் யோசித்தாள். குடையைத் தூக்கி எறிந்தாள். தெருவுக்கு நடுவே திரும்பி நின்றாள். பலகையைத் தூக்கினாள்.

"நில்லு!"

பத்தொன்பது வருஷத்துக் குரல் அது. கரைப்பக்கத்தார் அப்படியே நின்றார்கள். அவர்களில் பாதிப் பேர் சின்ன வயதில் அந்தப் பலகைக்கு நின்று பழகியவர்கள். அவர்களுக்குப் பின்னால் வந்தவர்கள் அவர்கள் மேல் மோதி நின்றார்கள். அப்படியே ஒன்றன்பின் ஒன்றாக நாலு தெருவும் நின்றது. அக்காவுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்துவிட்டு, பின்னால் யாரும் வராததைக் கண்டு தாங்களாகவே நின்றார்கள். முடிதிருத்துகிறவரின் பலகை வண்டி மட்டும் பத்தடி தள்ளிப் போய், பாதி முகம் சிரைத்தவரோடு ஒரு கம்பத்தில் இடித்து நின்றது.

மைதானத்துக் கம்பியில் ஒரு இடத்தில் இடைவெளி உண்டு. அதன் வழியாகத் தங்கச்சி நுழைந்து, குடையை ஊன்றிக்கொண்டு, புல்லில் நொண்டி நொண்டி வந்தாள். அக்காவால் போய்க் கை கொடுக்க முடியவில்லை. பலகையை இறக்கினால் ஊர்வலம் நகர ஆரம்பித்துவிடும். பார்த்துக்கொண்டே நின்றாள். தங்கச்சி இந்தப் பக்கமும் அதேபோல் ஒரு இடைவெளியில் நுழைந்து மூச்சு வாங்கிக்கொண்டு எதிரில் வந்து நின்றாள்.

"நிறுத்துனது நீயாத்தான் இருக்கும்னு தெரியும்" என்றாள். ஆறு வருஷத்துக்குப் பிறகு முதல் பேச்சு.

"நொண்டுறியே."

"நான் நொண்டுனா உனக்கென்ன?"

அதற்குள் அலுவலர் மேடையிலிருந்து இறங்கி, மைக்கின் வயரை இழுத்துக்கொண்டு ஓடி வந்தார். "இதோ, கரையும் மலையும்! ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு பண்பாடுகள், ஆனால் ஒரே மூக்கு!" என்று அறிவித்துவிட்டு, மைக்கை இரண்டு பேருக்கும் நடுவே நீட்டினார். நாலு தெருவிலும் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள்.

தங்கச்சியின் கண் அக்காவின் கழுத்துக்குப் போனது. "சாவியக் குடு" என்றாள். நாலு தெருவும் சாவியைக் கேட்டது.

அக்கா சாவியைக் கையில் பொத்திக்கொண்டாள். பொய் சொல்ல ஒரு வழி தேடினாள். ஒன்றும் அகப்படவில்லை.

"இது அது இல்லடி. இது சைக்கிள் சாவி. அம்மா சாவிய நான் தொலைச்சுட்டேன். சாக்கடையில விழுந்துடுச்சு. மூணு வருஷம் ஆச்சு. எவ்வளவோ பாத்தேன், கெடைக்கல. உங்கிட்ட சொல்ல பயமா இருந்துச்சு."

ஒலிபெருக்கியில் இது முடிந்ததும் எங்கோ இரண்டாவது தெருவிலிருந்து வீட்டுக்காரரின் குரல் கேட்டது: "அந்தச் சைக்கிள் சாவி உங்கிட்டயா இருந்துச்சு?"

சாக்கடை என்றதும் அலுவலருக்குப் பழைய நினைப்பு வந்துவிட்டது. "எந்த இடத்துல? எத்தனாவது மூடி?" என்று கேட்டார்.

தங்கச்சி திட்டுவாள் என்று அக்கா காத்திருந்தாள். தங்கச்சி திட்டவில்லை. குடையின் நுனியால் ரோட்டைக் குத்திக்கொண்டே நின்றாள்.

"பீரோவ நான் தெறந்துட்டேன்" என்றாள் கடைசியில்.

"என்னது?"

"நீ சாவியோட போனியே, அதுக்கு மறுவாரமே. பூட்டுக்காரரக் கூட்டிட்டு வந்து தெறந்துட்டேன்."

"ஆமாக்கா, நான்தான் தெறந்தேன்!" என்று பின்னாலிருந்து பூட்டுக்காரர் கத்தினார். இருநூறு சாவியும் ஜல்லென்றது. "வெளிய சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க. ஆறு வருஷமா வயிறு உப்பிப் போய் கெடக்குறேன்."

"உள்ள என்னடி இருந்துச்சு?"

"நாலு அந்துருண்டை. ஒரு பழைய நியூஸ் பேப்பர். அவ்வளவுதான். எல்லாத்தையும் அம்மா இருக்கும்போதே யார் யாருக்கோ குடுத்துட்டுப் போயிருக்கா."

நாலு தெருவிலும் ஒரு 'அட' எழுந்து அடங்கியது. அக்காவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கோபம்தான் முதலில் வந்தது.

"பாவி, இத அப்பவே சொல்லியிருக்கலாம்ல? நாலு அந்துருண்டைக்கா ஆறு வருஷம்?"

"சொன்னா?" தங்கச்சியின் குரல் உடைந்தது. கிளினிக்கே நடுங்குகிற அந்தக் குரல் சின்னப் பிள்ளைக் குரலாக ஆனது. "காலிப் பீரோன்னு தெரிஞ்சா நீ எதுக்கு எங்க வீட்டுக்கு வரப் போற? பூட்டியிருக்குன்னு நெனச்சாத்தான என்னைக்காவது சாவியத் தூக்கிட்டு வருவ? பூட்டுக்காரர வெச்சே திரும்பப் பூட்டிட்டேன். ஞாயித்துக்கிழமையானா எங்கயும் போறதில்ல. நீ வந்து, வீடு பூட்டிக் கெடந்து, திரும்பிப் போயிட்டா என்ன பண்றது?"

அக்காவுக்கு ஆறு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள் அத்தனையும் கண் முன்னால் வந்து நின்றன. அவளும் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டிலேயேதான் இருந்தாள். பஸ் வராத நாள் என்பதால் அவளுக்கு அந்தக் கிழமையே பிடிக்காது.

வேடிக்கை பார்க்கிற குழுவிலிருந்து ஒரு மடக்கு நாற்காலி கை மாறிக் கை மாறி வந்தது. தங்கச்சி உட்கார்ந்தாள். அக்கா பலகையை ஒரு கையில் உயர்த்திப் பிடித்தபடியே அவள் முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்து, மறு கையால் தங்கச்சியின் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். குதிகாலில் பெரிய கொப்புளம், உடைந்து சிவந்திருந்தது. வாயைக் குவித்து ஊதினாள். தங்கச்சி குனிந்து அக்காவின் கழுத்திலிருந்த கயிற்றைக் கழற்றி, சைக்கிள் சாவியைத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

"இப்ப கட்டித் தழுவலாமே?" என்று அலுவலர் மெதுவாகக் கேட்டார். மைக்கைப் பிடித்திருந்த கை அவருக்கு வலித்திருக்க வேண்டும். இரண்டு பேரும் அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையில் மைக்கை அணைத்துவிட்டார்.

நாலு தெருவிலும் இருபத்து நாலு குழுவும் அசையாமல் நின்றது. ஊர்வலம் ஒழிக என்கிறவர்கள் பதாகையை மடித்து வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். முடிதிருத்துகிறவர், கிடைத்த நேரத்தில், மிச்சம் பாதி முகத்தைச் சிரைத்துக்கொண்டிருந்தார். அலுவலர் கடிகாரத்தைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். அதை இறக்கச் சொல்ல அவருக்குத் தைரியம் வரவில்லை.

தங்கச்சி மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"கைய எறக்குக்கா. ஊரே நிக்குது."

"நிக்கட்டும்" என்றாள் அக்கா.